அழித்தாலும் வரும் பெயர்

"ஏண்டா ரகு, கண்ணபிரானுக்கு இன்னிக்குத் திதின்னு போன்ல வந்திருக்கே! எப்போடா போனான்? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!" சித்தூரிலிருந்து அத்தை அழுதாள்.

திருப்பதி வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ரகுநந்தன் அவசரமாக ஆப்பைத் திறந்தான். முன்னோர்களின் திதியை நினைவூட்ட அவன் எழுதிய ஆப் அது. குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் அதில் பெயர் சேர்க்கலாம். திதி வந்தால் எல்லார் போனுக்கும் செய்தி போகும். கண்ணபிரானின் பழைய நம்பருக்கும் போகும். அதை எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை.

கண்ணபிரான் அவனுடைய அண்ணன். அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனவன். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. 'ஆளைக் காணாம பன்னிரண்டு வருஷம் ஆயிடுத்தே, கர்மாவைப் பண்ணிடலாம்' என்று திதி பண்ணிவைக்கும் வாத்தியார் சொன்ன அன்று, அம்மா பெருந்தேவி அடுப்பே மூட்டவில்லை.

அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் எழுத மாட்டார்கள். ஆகவே பிழை புரோகிராமில்தான்.

அத்தை பேசியது அம்மாவின் போனில். மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தவள், குரலைக் கேட்டுவிட்டு அவனிடம் நீட்டியிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

முன்னோர் பெயர்கள் எல்லாம் ஆப்புக்குள் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், இருந்தன. இறந்த தேதிக்கான கட்டத்தைக் காலியாக விட்டால், தானாக இன்றைய தேதி விழும்படி விதி வைத்திருந்தான். போன் நம்பர் பட்டியலிலிருந்து அண்ணன் பெயர் எப்படியோ இதில் தவறி விழுந்து, தேதியும் தானாக விழுந்திருக்கிறது, வினை அதுதான் என்று தோன்றியது. பெயரை அழித்தான். விதியை நீக்கிவிட்டு, டேபிளை உருவாக்கும் கட்டளையை மறுபடி ஓட்டினான். பிழையே வரவில்லை. சந்தோஷப்பட்டான்.

பட்டிருக்கக் கூடாது. 'டேபிள் இல்லாவிட்டால் உருவாக்கு' என்பதுதான் அந்தக் கட்டளை. அதே பெயரில் ஒரு டேபிள் ஏற்கெனவே இருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கம்ப்யூட்டர் திரும்பிவிடும். கேட்டால் எல்லாம் சரி என்று சொல்லும். பழைய டேபிள் பழைய விதியோடு அப்படியே இருந்தது.

சற்று நேரத்தில் கண்ணபிரான் மறுபடி எல்லார் போனிலும் இறந்துபோனான்.

ரகுநந்தன் டேபிளையே அழித்தான். 'அப்படி ஒரு டேபிளே இல்லை' என்று ஆப் அலறியது. பதற்றத்தில் விதியோடு இருந்த பழைய கட்டளையாலேயே அதைப் புதிதாக உருவாக்கி, எடுத்து வைத்திருந்த நகலை அதில் ஏற்றினான். ஏற்றியது போன் நம்பர் பட்டியலின் நகல்; அதில் இறந்த தேதி ஏது, எல்லாருக்கும் இன்றைய தேதியே விழுந்தது. முன்னோர்கள் இருக்க வேண்டிய இடத்தில், உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் போய் உட்கார்ந்தார்கள்.

மறுபடி மணி. அம்மா பாய்ந்து எடுத்தாள். மறுபடி அவனிடம் நீட்டினாள்.

"டேய், எனக்கு இன்னிக்குத் திதியாமே?" திருச்சானூர் சம்பத் சித்தப்பா. "எள்ளு நானே வாங்கிக்கட்டுமா, நீ வாங்கிண்டு வரியா?"

"சித்தப்பா, டேபிள் மாறிப்போச்சு..."

"அது கிடக்கட்டும். வடை உண்டோல்லியோ?"

பின்னாலிருந்து சித்தியின் குரல் கேட்டது: "எனக்கும் இன்னிக்குத்தான்னு வந்திருக்குடா! ஒரே தளிகையா சமைச்சு முடிச்சுடு!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே அம்மா போனை எப்போது திருப்பித் தருவான் என்று கையை நீட்டியபடி நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. ஒரு தாய்க்கு இப்படி ஒரு நாளைக் கொடுத்துவிட்டோமே என்று அவன் மனம் அடித்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் சரியான நகலை ஏற்றிவிட்டான். விதியையும் நீக்கியாகிவிட்டது. இனி தேதி இல்லாமல் ஒரு பெயரும் உள்ளே நுழைய முடியாது. வரிவரியாகப் படித்துப் பார்த்தான். கண்ணபிரான் இல்லை. மூச்சுவிட்டான்.

அவன் மனைவி ஸ்ரீவல்லி காபி கொண்டுவந்து வைத்தபோது அவன் போன் சிணுங்கியது.

'இன்று திதி: கண்ணபிரான்.'

"இது எப்படி முடியும்?" கத்தினான். "தேதி காலியாக்கூட இல்லை, வல்லி! யாரோ உட்கார்ந்து அடிச்சாப்பல இருக்கு!" அழிப்பதற்காகக் கீபோர்டில் கை வைத்தான்.

ஸ்ரீவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்த அம்மாவின் காதில் விழாதபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அழிக்காதீங்கோ. 'நான் செத்துட்டேன்னு யார் சொன்னா'ன்னு கோவிச்சுண்டாவது ஒரு போன் பண்ண மாட்டானான்னு, அம்மாதான் ஒவ்வொரு தரமும் என்னை எழுதச் சொல்றா."