முனியப்பனுக்கு வந்த கூட்டம்

உங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், தூக்குவதற்கு நாலு பேர் தேறுவார்களா என்று என்றைக்காவது விரல் மடக்கிப் பார்த்திருக்கிறீர்களா?

மாதவராஜ் அன்று காலை மடக்கிப் பார்த்தான். தான் ஒருத்தன். கொச்சியில் பேக்கரி வேலை செய்யும் தம்பி பிரபாகர் ஒருத்தன். மூன்றாவது விரல் மடங்க மாட்டேன் என்றது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, கொள்ளிச்சட்டி ஏந்துகிற மூத்த மகன் பாடைக்குத் தோள் கொடுக்க முடியாது. முதலில் மடக்கிய விரலையும் நீட்டிவிட்டான்.

கூடத்துப் பெஞ்சில் அவன் அப்பா முனியப்பன் படுத்திருந்தார். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அந்த வாய் மூடியிருந்து ஊர் பார்த்ததில்லை.

புயல் அடித்து ஓய்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. கம்பங்கள் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்தது. மோட்டார் ஓடவில்லை. குழாயில் தண்ணீர் இல்லை. கையில் இருந்த போன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. அந்த வரிசையில் முனியப்பனும் சேர்ந்துகொண்டார். விடியற்காலை நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான்.

"நேத்து சாயங்காலம் கூட தொரட்டியத் தூக்கிக்கிட்டு தூறல்ல கெளம்பினாரேங்க," என்று மாதவராஜின் மனைவி சுமித்ரா மூக்கைச் சிந்தினாள். "ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போறேன்னாரு. தழையும் கொண்டாரல, ஒண்ணும் கொண்டாரல. தொப்பலா நனைஞ்சு வந்து என்னப் பாத்துச் சிரிச்சாருங்க. இத்தனை வருசத்துல அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்பவே எனக்குத் திக்குனு இருந்துச்சு."

முனியப்பன் ஊரில் சண்டை போடாத ஆள் கிடையாது. பக்கத்துக் காட்டுத் தென்னை மட்டை தன் வரப்பில் விழுந்தால் சண்டை. கோயில் ஸ்பீக்கர் தன் வீட்டுப் பக்கம் பார்த்திருந்தால் சண்டை. இதையெல்லாம் கூட ஊர் மன்னித்துவிடும். ஆனால் அவர் எந்தச் சாவுக்கும் போனதில்லை. கேட்டால், "செத்தவனுக்கு நான் வந்தது தெரியவா போவுது?" என்பார்.

சாவுக்குப் போகாதவர் வீட்டுச் சாவுக்கு எவன் வருவான்?

மாதவராஜ் வீடு வீடாகச் சேதி சொல்லப் போனான். எல்லோரும் "அப்படியா" என்றார்கள். சிலர் வானத்தைப் பார்த்து, "மழை வராப்ல இருக்குதே" என்றார்கள். பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் மட்டும்தான் நின்று பேசினாள்.

"எங்கூட்டுக்காரரு செத்துக் கெடந்தப்ப உங்கப்பன் என்னா பண்ணான் தெரியுமா தம்பி? பந்தக்காலு அவன் எடத்துல அரை அடி வந்துடுச்சுன்னு புடுங்கி வீசினான். பொணம் வெயில்ல கெடந்துச்சு."

"தப்புதாங்க அத்தே. அதெல்லாம் மனசுல வெச்சுக்காம..."

"வெச்சுக்கல. மூட்டு வலி. அதான் வரல."

போனில் மிச்சமிருந்த கடைசிச் சார்ஜில் தம்பிக்குச் சொன்னான். அவன் வர மறுநாள் ஆகும். மழைக்குப் பாதிப் பஸ் ஓடவில்லை. அதுவரை உடம்பு தாங்க வேண்டும். மாதவராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு பென்னாகரம் போனான். பிரீசர் பெட்டி வாடகைக்கு விடும் சவுரியப்பன் கடையில் விலாசம் சொன்னான்.

"முனியப்பன் பெரியவரா?" சவுரியப்பன் தலைத்துண்டை அவிழ்த்தார். "அடடா. நல்ல மனுசனாச்சே."

அப்பாவை நல்ல மனுசன் என்று ஒருவர் சொல்லி மாதவராஜ் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆள் மாறிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டி வந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு மினி லாரி வந்தது. அதில் கல்யாண மண்டபத்துக்கு வைக்கிற மாதிரி ஒரு ஜெனரேட்டர். கூடவே, கதவு அகலத்துக்கு ஒரு பலகை; பலகை முழுக்கப் பிளக் பாயிண்ட்.

"எதுக்குங்க இவ்ளோ பெருசு?"

"சொன்னதத்தான தம்பி கொண்டாந்தேன்," என்றபடி சவுரியப்பன் கயிற்றை இழுத்தார். ஜெனரேட்டர் கத்திய கத்தலில் எரவாணத்து ஓடு ஒன்று நழுவியது.

அந்தச் சத்தம் ஊர்க்கோடி வரை போயிருக்க வேண்டும். சற்று நேரத்தில் தெருமுனையில் ஓர் ஒப்பாரி கேட்டது. தீர்த்தம்மாள்! தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, மூட்டு வலியையும் மீறி ஓடி வந்தாள். பெட்டியின் மேல் விழுந்து புரண்டாள். "எஞ்சாமி, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!"

அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. தெருவுக்குப் பின்னால் மேலத்தெரு வந்தது. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

மாதவராஜ் மனைவியின் தோளைத் தொட்டான். "சுமி, பாத்தியா? அப்பாவ நாமதான் புரிஞ்சுக்கல. ஊருக்குள்ள எவ்ளோ பாசம் வெச்சிருக்காங்க!"

சுமித்ரா அழுகையை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்த்தாள். "ஏங்க, அந்தம்மா கையப் பாருங்க."

தீர்த்தம்மாளின் வலது கை மார்பில் அடித்துக்கொண்டிருந்தது. இடது கை இடுப்புச் செருகலிலிருந்து சார்ஜரை உருவி, பலகையைத் தடவி, ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்ததும் ஒப்பாரி ஒரு சுருதி இறங்கியது.

மாதவராஜ் திரும்பிப் பார்த்தான். வந்திருந்த அத்தனை பேர் கையிலும் ஒயர் தொங்கியது. ஒருத்தர் மாலை வாங்கி வந்திருந்தார். மாலைக்குள் சார்ஜர் சுற்றியிருந்தது.

"எல்லாரையும் வெளிய போச் சொல்லுங்க!" என்றாள் சுமித்ரா.

"போச் சொன்னா தூக்கறதுக்கு நீ வருவியா?"

மாதவராஜ் ஒரு முடிவுக்கு வந்தான். பலகை முன்னால் போய் நின்றான். "இங்க பாருங்க. சார்ஜ் போடறவங்க எல்லாம் அடக்கம் முடியற வரைக்கும் இருக்கணும். சம்மதம்னா போடுங்க."

"இதச் சொல்லவும் வேணுமா தம்பி?" என்று கூட்டம் வருத்தப்பட்டது. "அந்த மகராசனுக்கு இது கூடச் செய்ய மாட்டமா?"

அங்கேதான் தப்பு நடந்தது. இருப்பதென்று ஆனபின் ஜனங்கள் வசதியாக இருக்கப் பார்த்தார்கள். முதலில் ஒரு மிக்சி வந்தது. "சட்னி மட்டும் அரைச்சுக்கறேன், எங்க மாமனாரு சர்க்கரைக்காரரு, வெறும் வயித்துல இருக்காரு." மிக்சியை விட்ட பாவத்துக்கு மேலத்தெருவிலிருந்து ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கிரைண்டரைத் தூக்கி வந்தார்கள். தூக்குவதற்கு ஆள் இல்லையே என்று காலையில் தவித்தவன் கண் முன்னால்தான் அந்தக் கிரைண்டர் வந்து இறங்கியது.

கிரைண்டர் சுற்றியது. ஜெனரேட்டர் முக்கியது. பெட்டிக்குள் இருந்த லைட் மங்கியது.

சவுரியப்பன் ஓடி வந்தார். "யோவ், பொட்டி சூடாவுது! பெரியவரு வேர்த்துடுவாரு!"

"ஒரே ஒரு ஈடுங்க," என்றாள் மாவுக்காரி. "வந்தவங்களுக்குத்தான இட்லி."

பக்கத்து ஊருக்கும் சேதி போய்விட்டது. முனியப்பனை முன்னே பின்னே பார்த்திராதவர்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருத்தர் பெட்டியைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு, "அம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

கடைசியில் லைன்மேன் குமாரே வந்தார். சேற்றில் புரண்ட பூட்ஸைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு, பையிலிருந்து சார்ஜரை எடுத்தார். கூட்டம் அசந்துபோனது.

"ஏங்க, நீங்களே இங்க வந்தா எங்க கதி?"

"நான் என்னாங்க பண்றது?" குமார் தூங்கி ரெண்டு நாள் ஆகியிருந்தது, குரலிலேயே தெரிந்தது. "கம்பியெல்லாம் நேத்தே இழுத்துக் கட்டியாச்சு. இன்னிக்குக் காலையில கரண்டு குடுத்துடலாம்னு வந்து பாக்கறேன், உங்கூர் டிரான்ஸ்பார்மர்ல பீஸ் கட்டை மூணையும் காணோம். எவனோ உருவிக்கிட்டுப் போயிட்டான். எல்லா ஊர்லயும் உடைஞ்சு கெடக்குது, புதுசு வரணும்னா நாளாவும்."

கூட்டம் கொதித்தது. தீர்த்தம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். மண் பெட்டிக் கண்ணாடி மேல் விழுந்தது. "அந்தப் பீஸ் கட்டையத் தொட்டவன் நல்ல சாவு சாவானா?"

எல்லோரும் திட்டும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று மாதவராஜும் சேர்ந்துகொண்டான். "அவன் சாவுக்கு ஒரு நாய் கூட வரக்கூடாதுங்க!"

மறுநாள் பிரபாகர் போன் செய்தான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்கின்றனவாம், நேரமாகுமாம். மாதவராஜ் பயந்துகொண்டே கூட்டத்திடம் சொன்னான்.

"பாவம், அவசரப்படுத்தாதீங்க," என்றது கூட்டம் ஒரே குரலில். "மெதுவாவே வரட்டும்."

மத்தியானம் அவன் வந்து சேர்ந்தான். வாசலில் மொய்த்த ஜனத்தைப் பார்த்து, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பி நடக்கப் பார்த்தான். அண்ணன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். அழுது முடித்தார்கள். பாடை தயார். நாலு பேர் என்ன, நாற்பது பேர் தயார். மாதவராஜ் கொள்ளிச்சட்டியை எடுத்தான்.

ஒருத்தரும் நகரவில்லை.

"கெளம்பலாங்களா?"

"ஒரு பத்து நிமிசம் தம்பி," என்றார் பாடையின் முன்கால் பிடிக்க ஒப்புக்கொண்டவர். "முப்பது பர்சென்ட்தான் ஏறியிருக்குது."

"எனக்கு இப்பத்தான் பிளக்கே கெடைச்சுது," என்றார் பின்கால்காரர்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பலகையை விட்டு வந்தால் வேறு எவனாவது தன் ஒயரைப் பிடுங்கிவிடுவான் என்று ஆளுக்கு ஆள் பயம். மாதவராஜ் அண்ணாந்து பார்த்தான். இத்தனை பேரை வைத்துக்கொண்டும் அப்பா வாசலிலேயே கிடப்பாரோ?

அப்போது சவுரியப்பன், எதற்கோ காத்திருந்தவர் போல, தொண்டையைச் செருமினார். "தம்பி, ஜெனரேட்டர் லாரிய முன்னாடி விடறேன். பலகை அதுலயே இருக்கட்டும். பாடை பின்னால வரட்டும்."

அப்படித்தான் நடந்தது. முனியப்பனின் கடைசி ஊர்வலத்தில் முன்னால் ஜெனரேட்டர் கத்திக்கொண்டு போயிற்று. லாரி முழுக்கப் போன்கள் மினுக்கின. அதற்குப் பின்னால் ஊரே போயிற்று. வழக்கமாக முச்சந்தியோடு நின்றுவிடுகிற பெண்கள் கூட, போன் லாரியில் இருக்கிறதே என்று சுடுகாடு வரை வந்துவிட்டார்கள். பாடைக்குத் தோள் மாற்றிக்கொள்ளப் போட்டி. பாடைக்காரர்கள்தான் லாரிக்குப் பக்கத்திலேயே நடக்கலாம் என்று சவுரியப்பன் சொல்லியிருந்தார்.

அந்த வட்டாரத்தில் அவ்வளவு பெரிய சாவு யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சவுரியப்பன் பெட்டியைக் கழுவி ஏற்றினார். மாதவராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, லாரிய முன்னாடி விடலாம்னு உங்களுக்குத் தோணலன்னா மானம் போயிருக்கும்."

"எனக்கு எங்க தம்பி தோணுச்சு?" சவுரியப்பன் தயங்கினார். "அடக்கம் முடியறவரைக்கும் சொல்லாதன்னாரு. இப்பச் சொல்லலாம். புயல் அடிச்ச மறுநாளே பெரியவரு என்னத் தேடி வந்தாரு. நெஞ்சு வலிக்குது, ரொம்ப நாள் தாங்காது, பசங்களுக்குத் தெரிய வேணாம்னாரு. பொட்டிக்குச் சின்ன ஜெனரேட்டரே போதும்னு சொன்னேன். இல்ல, பெருசா வேணும், பலகை நெறையப் பிளக்கு வேணும்னாரு. தூக்கறப்ப லாரிய முன்னாடி விடு, பயலுவ பின்னாலயே வருவானுங்கன்னாரு."

மாதவராஜ் பிடித்த கையை விடாமல் நின்றான்.

"எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'பெரியவரே, அதுக்குள்ள ஊருக்குக் கரண்டு வந்துட்டா எவன் வருவான்?'னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'அத நான் பாத்துக்கறேன், நீ பொட்டியக் கொண்டா'ன்னாரு."

மறுநாள் காலை சுமித்ரா மாமனாரின் தகரப் பெட்டியைத் திறந்தாள். வேட்டிகளுக்கு அடியில் பீஸ் கட்டை மூன்றும் இருந்தன.