வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னது

அஜின்கோர்ட், டொராண்டோ
24-1-1976

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, மோகனசுந்தரம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் சீதாவும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தையும் அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்பதையும் அறிய ஆவல். பனி வாசல்படி வரை கிடக்கிறது, மற்றபடி குறையில்லை.

விருதுநகரில் நாலு நகராட்சித் தேர்தலை உள்ளேயிருந்து பார்த்தவர் நீங்கள் என்பதால் உங்களிடம் மட்டும் இதைச் சொல்கிறேன். எங்கள் தமிழ் அன்பர் குழுவில் மொத்தம் நாற்பத்திரண்டு குடும்பம். இந்தப் பொங்கலோடு தலைவர் பதவி காலியானது. எனக்கு அதில் துளியும் ஆசையில்லை என்பது உங்களுக்கே தெரியும். பட்டுக்கரை வேட்டியை இஸ்திரி போட்டு வைத்தது பண்டிகைக்காக.

இங்கே கூரையில் ஏரியல் வைத்தால் எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க டெலிவிஷன் தெரியும். ஜனாதிபதி தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இவருக்குச் சிரிப்பு போதாது, அவருக்குத் தெற்கே செல்வாக்கு உண்டு, இன்னொருத்தர் இப்போதே எடையைக் குறைக்கிறார், ஆகவே நிற்கப்போகிறார் என்று மாடு பிடிக்கிற தரகர் மாதிரி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். குழுவின் சுற்றறிக்கைக்கு நான்தான் ஆசிரியர். கையால் எழுதி நகல் எடுத்து அனுப்புவேன். நாமும் இப்படி ஒன்று எழுதினால் என்ன என்று, எந்த உள்நோக்கமும் இல்லாமல், மார்கழி இதழில் 'அடுத்த தலைவர் யார்?' என்று எழுதினேன். கணக்காளர் ஏகாம்பரம்: பலம், ஸ்டேஷன் வேகனும் ஐம்பது பேருக்கான இட்லிக் கொப்பரையும், பலவீனம், யார் பெயரும் ஞாபகம் இருக்காது. கல்லூரி ஆசிரியர் சேதுராமன்: பலம், திருச்சிக்காரர்கள் ஏழு குடும்பம், பலவீனம், பேச ஆரம்பித்தால் சாம்பார் ஆறிவிடும். இருவரையும் போனில் கேட்டேன். இருவரும் "ஐயோ, நமக்கெதுக்குங்க பதவியெல்லாம்" என்றார்கள். அதை அப்படியே, 'இருவருக்கும் விருப்பமில்லை' என்று போட்டுவிட்டேன்.

நம்மவர்களில் பதவி என்பது பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் மாதிரி. வேண்டாம் வேண்டாம் என்று இலையின் மேல் கையை வைக்க வேண்டும், மூன்றாம் தடவை வற்புறுத்தியபின் கையை எடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியாதா? தெரியும்தான். ஆனாலும் பத்திரிகை தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

போன ஞாயிறு விழாவில், பொங்கல் சாப்பிட்டபின், செயலாளர் நாகலட்சுமி நோட்டுப் புத்தகத்தோடு எழுந்தார். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் பெண், சொன்னதைச் சொன்னபடி எழுதுகிற சுபாவம். "ஏகாம்பரம் சார், நீங்க?" "அதான் சுற்றறிக்கையிலயே வந்தாச்சேம்மா, எனக்கு விருப்பமில்லைன்னு." சேதுராமனும் அதே பதில், என்னைப் பார்த்துக்கொண்டே. "அப்ப மோகனசுந்தரம் சார், நீங்க இருக்கீங்களா?"

அத்தான், கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. "ஐயையோ, எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று முறைப்படி தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தபடியே காத்திருந்தேன். 'அதெல்லாம் முடியாது, நீங்கதான்' என்று எடுத்துக்கொடுக்க வேண்டிய ஏகாம்பரம் வடையைத் தின்றுகொண்டிருந்தார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "மோகனசுந்தரம், விருப்பமில்லை" என்று நாகலட்சுமி வாய்விட்டே படித்தார்.

"அப்ப நீயே இரேம்மா" என்று சேதுராமன் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். "சரி, இருக்கேன்" என்றது அந்தப் பெண். முதல் தடவையிலேயே! மாலை வேறு தயாராக இருந்தது, போட்டுவிட்டார்கள்.

காரில் சீதா, "இன்னொரு தடவை கேப்பாங்கன்னு நின்னீங்களாக்கும்?" என்றாள். சட்டைப் பையில் மூன்று பக்கம் ஏற்புரை இருந்தது. யாராவது கேட்டால் இருக்கட்டுமே என்று எழுதியதுதான். ஏகாம்பரம் இப்போது ஆபீசுக்குப் போகையில் என்னைக் காரில் ஏற்றிக்கொள்வதில்லை. பரவாயில்லை. தகுதியானவர் வந்திருக்கிறார், எனக்கும் மனசுக்கு நிம்மதி. பதவி எல்லாம் பெரிய தலைவலி அத்தான்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
மோகனசுந்தரம்

பி.கு.: நாகலட்சுமிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரலாம் என்று சீதா கேள்விப்பட்டிருக்கிறாள். வந்தால் சித்திரையிலேயே மறுபடி தேர்வு. ஆகவே இக்கடிதம் கண்டவுடன், 'மோகனசுந்தரம் ஏன் ஒதுங்கி நிற்கிறார், அவரை விட்டால் யார்?' என்று குழுவின் முகவரிக்கே ஒரு கடிதம் போடவும். கூட்டத்தில் படிப்பார்கள். நான் வேண்டாம் என்று பதில் எழுதுவேன். தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள். உடனே இரண்டாவதைப் போடுங்கள். மூன்றாவதை அக்கா கையால் இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளவும், தபால் வரப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தேதி மட்டும் போட வேண்டாம்.