அந்தோணியின் புல்லட்டை எழுப்பிய கதை

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனுக்கு நண்பர்கள் அமைவதில்லை, சாட்சிகளே அமைகிறார்கள். புது வண்டிக்காரன் நடுத்தெருவில் நின்றுவிட்டால் ஊர் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பழைய வண்டிக்காரன் நின்றால், தேநீர்க் கடையில் இருப்பவர்கள் கண்ணாடிக் குவளையோடு எழுந்து வந்து வேடிக்கை பார்ப்பார்கள். என் வாழ்நாளில் அப்படிப் பலமுறை நின்றிருக்கிறேன். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் கௌரவமான விளக்கம் உண்டு (பிளக்கில் கரி, பெட்ரோலில் தண்ணீர், எண்ணூர்ச் சாலையின் பள்ளங்கள்). விளக்கமற்ற அந்த ஒன்று ஓர் இறுதி ஊர்வலத்தில் நடந்தது.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பணியாளர் நல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். முதுகலைப் பட்டதாரி. பிறந்தது கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில் போகும்போதெல்லாம் அலமாரிப் பாத்திரங்கள் தாமாக இடம் மாறிய ஒரு வீட்டில். அந்தத் தெருவின் பேச்சைக் கல்லூரியில் சேர்ந்த அன்றே கழற்றி வைத்துவிட்டேன். நான் பேசுவதைக் கேட்டு, 'ஐயாவுக்குப் பூர்வீகம் தஞ்சாவூரோ?' என்று எவரேனும் வினவினால் மென்மையாகப் புன்னகைப்பேன். மறுத்ததில்லை.

ஆலை வாயிலில், 'வளாகத்திற்குள் தகாத சொற்களைப் பேசுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது' என்னும் அறிவிப்புப் பலகை என் கையொப்பத்துடன் தொங்கியது. அதற்கு நேர்கீழே தம்முடைய புல்லட்டை நிறுத்தி, நாள்தோறும் வேலை முடிந்ததும் அதைத் திட்டிக் கிளப்பியவர் அந்தோணி. கிரேன் இயக்குபவர், ராயபுரத்துக்காரர். அவருடைய முறை எளியது. பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் பளாரென்று ஓர் அறை. “ஏந்திரிடா சோமாரி! இன்னா தூக்கம்?” என்று தெருமுனை வரை கேட்கும்படி ஓர் அதட்டல். பிறகு ஒரே மிதி. வண்டி பணிவோடு கிளம்பிவிடும். (சோமாரி என்பது சோம்பேறியைத் திட்ட எங்கள் பக்கத்தில் வழங்கும் சொல். எனக்கு அது தெரியும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.)

நான் அவருக்கு மெமோ கொடுத்தேன்.

“இன்னா சார் இது? நான் உன்னியா திட்னேன்? என் வண்டியத்தானே திட்னேன்!”

“வளாகத்திற்குள் எதைத் திட்டினாலும் விதி ஒன்றுதான், அந்தோணி.”

“அப்போ வண்டியாண்டயும் ஒரு கையெய்த்து வாங்கிக்க சார். அதுதான் முதல்ல என்னிய பேஜாரு பண்ச்சு.”

ஓய்வுக்குப் பின் நாங்கள் இருவரும் ஒரே கூட்டத்தில் சேர்ந்தது விதியின் விளையாட்டு. வடசென்னையில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பேணுவோர் சிலர் ஒரு மன்றம் அமைத்திருந்தோம். நான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராயபுரத்தில் கூடி, திருவொற்றியூர் வழியாக நெட்டுக்குப்பம் வரை வரிசையாகச் செல்வோம். அங்கே கழிமுகத்தையும் அனல் மின் நிலையப் புகைபோக்கிகளையும் சற்று நேரம் பார்ப்போம், திரும்புவோம். (அழகிய காட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வண்டிகள் அதைவிடத் தொலைவு சென்றால் திரும்பி வருமென்ற உறுதி எவருக்கும் இல்லை.) என் புல்லட்டை மெல்லிய துணியால் துடைத்துக் கொண்டுபோவேன். அந்தோணியின் புல்லட் நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டும். சுட்டிக்காட்டினால், “அதுக்கு வேர்க்குது, நைனா. உன் வண்டி ஏசி ரூம்ல இருந்த ஆபீசரு. என் வண்டி வேலை செய்யுது” என்பார். வேலை நாள்களில் சாராக இருந்தவன் ஞாயிற்றுக்கிழமைகளில் நைனாவாகியிருந்தேன். அதை எதிர்த்து மெமோ கொடுக்க வழியில்லை.

மன்றத்தில் நான் இரண்டு வழக்கங்களை ஏற்படுத்தியிருந்தேன். முதலாவது, ஒருவர் வண்டியின் கிக்கரை இன்னொருவர் மிதிக்கலாகாது. அடுத்தவர் வண்டியை உதைத்துப் பார்ப்பது அடுத்தவர் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்ப்பதற்குச் சமம் என்பது என் கருத்து. இரண்டாவது, உறுப்பினர் எவரேனும் காலமானால், அவருடைய வண்டியைத் தலைவர் ஓட்ட, அது தன் சொந்த இன்ஜின் ஓசையோடு அவருக்கு முன்னால் சென்று இடுகாட்டு வாசலில் நிற்க வேண்டும். அங்கே அதன் இன்ஜினைக் குடும்பத்தார் அணைப்பார்கள். தள்ளிக்கொண்டு போவது இறந்தவருக்கு இழுக்கு. இந்த இரண்டு வழக்கங்களும் ஒருநாள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பது, இரண்டையும் வகுத்த எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தோணி திடீரென்று போனார். நெட்டுக்குப்பத்திலிருந்து திரும்பி வந்தவர், வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே அமர்ந்தாராம். நான் சென்றபோது அவர் மனைவி ரீட்டா வண்டியின் அருகேதான் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணா, அவரு சொல்லிகினே இருப்பாரு. ‘என் வண்டி என் முன்னால ஓடணும் ரீட்டா. தள்ளிகினு வந்தாங்கன்னா பொட்டிலேர்ந்து எய்ந்து வந்துருவேன்’னு. நீங்கதான்ணா ஓட்டணும். தள்ள மட்டும் வுட்டுறாதீங்க.”

“ஓட்டுகிறேன், அம்மா. தள்ள விடமாட்டேன். இது என் வாக்கு.”

மறுநாள் காலை, சாத்தாங்காட்டில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் சலீம் பாய் என்னைத் தனியே அழைத்தார். மன்றத்தில் வயதில் எனக்கு அடுத்தவர். “தலைவரே, இப்பவே ஒருவாட்டி ஒதைச்சுப் பாத்துரலாமா? அந்தோணி வண்டி கொஞ்சம் ஒருமாதிரி.”

“உரிமையாளர் உள்ளே படுத்திருக்கும்போது அவர் வண்டியை ஒத்திகை பார்ப்பது பண்பாகாது, பாய்” என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கே மிகவும் பிடித்திருந்தது. அன்று முழுவதும் எனக்குப் பிடித்த கடைசி வாக்கியம் அதுதான்.

பிற்பகலில் பெட்டியை மலர் அலங்கரித்த ஊர்தியில் ஏற்றினார்கள். அந்தோணி கோட் அணிந்திருந்தார். உயிரோடிருந்தவரை அவரை நான் முழுக்கைச் சட்டையில்கூடக் கண்டதில்லை. முகத்தில் கேலி சிறிதும் இல்லை. அந்த முகம் எனக்கு அறிமுகமற்றதாக இருந்தது. பங்குத் தந்தை முன்னால் நின்றார். பேண்டு வாத்தியக்காரர்கள் அணிவகுத்தார்கள். ஆலையின் பழைய தொழிலாளர்கள் தெரு நிறைய நின்றார்கள். எங்கள் மன்றத்து வண்டிகள் ஊர்திக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தன. என் மனைவி கமலா, பெண்கள் கூட்டத்தில் நின்றாள். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பளபளத்த தோல் காலணியுமாக அந்தோணியின் புல்லட்டில் ஏறி அமர்ந்தேன்.

முறைப்படி பெட்ரோலைத் திறந்தேன். அம்மீட்டர் முள் நடுவில் வரும்வரை கிக்கரை நிதானமாக அழுத்தினேன். மிதித்தேன். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. மீண்டும் மிதித்தேன். இம்முறை கிக்கர் எதிர்த்து உதைத்தது. என் வலது காலணி கழன்று பறந்து, பேண்டுக்காரர்களின் பெரிய மேளத்தின்மேல் விழுந்தது. அன்றைய ஊர்வலத்தின் முதல் இசை அதுவே. வாத்தியம் தொடங்கிவிட்டது என்று கருதி டிரம்பெட்காரர் ஊத ஆரம்பித்துவிட்டார்.

மேளக்காரர் காலணியைக் கொண்டுவந்து கொடுத்தார். “இந்தா சார். மேளத்துக்கு ஒண்ணும் ஆவல, நீ கவலப்படாத.”

அதன்பின் நான் மிதித்த மிதிகளை விவரிக்க விரும்பவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்குக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஊர்தி ஓட்டுநர் இரக்கமின்றி ஹார்ன் அடித்தார். பங்குத் தந்தை கைக்கடிகாரத்தைப் பாராமல் பார்த்தார்.

“தள்ளி ஸ்டார்ட் பண்ணிறலாம், தலைவரே” என்றார் சலீம் பாய்.

“கூடாது.”

“நாலு பேர் புடிச்சா ஒரு நிமிசம்.”

நான் ரீட்டாவைப் பார்த்தேன். அவர் ஊர்தியின் கம்பியைப் பிடித்தபடி, வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். பிறகு அருகில் வந்து தாழ்ந்த குரலில், “அண்ணா, அது மரியாதையா மிதிச்சா கேக்காது. அவரு சொல்ற மாதிரி சொல்லுங்க” என்றார்.

“அம்மா, ஃபாதர் நிற்கிறார்.”

“ஃபாதரு அதை டெய்லி கேட்டுகினுதான் கீறாரு. எங்க வூடு கோயிலுக்கு எதிர்ல.”

நான் ஒரு நடுவழியைத் தேடினேன். டேங்கை மென்மையாகத் தட்டி, அருகிலிருப்பவருக்கும் கேட்காத குரலில், “எழுந்திரு, புறப்படு” என்றேன். மிதித்தேன். ஒன்றும் நிகழவில்லை. ஆனால் அருகிலிருந்தவருக்குக் கேட்டுவிட்டது. கூட்டத்தின் நடுவிலிருந்து ஆலையின் பழைய குரலொன்று எழுந்தது:

“சாரு வண்டிக்கு மெமோ குடுக்கிறாரு, டோய்!”

சாவு வீட்டில் அடக்கிக்கொண்ட சிரிப்புக்கு ஒரு தனி ஓசை உண்டு. தொண்டையைச் செருமுவதுபோல் தொடங்கி, தெருமுனை வரை பரவியது. நால்வர் கைகளை உதறிக்கொண்டு, வண்டியைத் தள்ள வந்தார்கள். ஒருவர் பின்னாலிருந்து பிடித்தே விட்டார். என் வாக்கு என் கண்ணெதிரில் போய்க்கொண்டிருந்தது. அந்தோணிக்கு நான் கொடுத்த மெமோக்களுக்கெல்லாம் பதிலாக அந்த மனிதர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அதையும் என்னால் செய்ய முடியவில்லை. பார்வை ஊர்திப் பக்கம் திரும்பியது. கோட் அணிந்து, கண்களை மூடி, ஒன்றும் அறியாதவர்போல் படுத்திருந்தார்.

டேங்கில் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

“ஏந்திரிடா சோமாரி! ஊரே காத்துகினு கீது, இன்னாடா தூக்கம் உனக்கு?”

மிதித்தேன். புல்லட் இடியாகக் கிளம்பியது.

(கார்புரேட்டரில் ஒட்டிக்கொண்டிருந்த மிதவை, அறைந்த அதிர்ச்சியில் விடுபட்டிருக்கும் என்பது சலீம் பாயின் கருத்து. அறிவியல்படி அதுவே சரி. அதற்குத் திட்டத் தேவையில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார், மறுநாள்.)

பேண்டு நின்றது. டிரம்பெட்காரரின் கன்னங்கள் ஊதியபடியே உறைந்திருந்தன. பங்குத் தந்தை வானத்தைப் பார்த்தார். என் குரல் எப்போதும் செல்லாத தொலைவுக்கு அன்று சென்றிருந்தது. அது கொருக்குப்பேட்டையில் ரயிலை மீறிப் பேசப் பழகிய குரல். நான் எந்தப் பக்கம் பார்த்துக் கத்தினேன் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அந்தோணியின் அக்கா, ஊர்தியைச் சுற்றிக்கொண்டு என்மேல் பாய்ந்தார்.

“யாருல அது? செத்துக் கெடக்கவன எந்திரிங்கான்! எந்தம்பிய சோமாரிங்கான்! நீயெல்லாம் படிச்சவனாவே?”

விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வது அந்த ஓசையில் கேட்க வேண்டுமானால் இன்ஜினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மறுபடி கிளப்ப வேண்டும். கிளப்ப மறுபடி திட்ட வேண்டும். ஆகவே அந்த அம்மாளுக்குத் தலைவணங்கிவிட்டு, கியரைப் போட்டேன். பின்னால் அவர் குரலும், அதை மீறி ரீட்டாவின் குரலும் கேட்டன. ரீட்டா அழுதுகொண்டே சிரித்தார். அல்லது சிரித்துக்கொண்டே அழுதார். “அவரேதான்ணா! அப்டியே அவரேதான்!”

காசிமேடு வரை நடைவேகத்தில் சென்றோம். துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் ஒதுங்கி நின்றன. மீன் கூடைகளோடு நின்ற பெண்கள் கைகூப்பினார்கள். சூடேறிய இன்ஜினில் என் முழங்கால் வெந்தது. எண்ணெய் சொட்டிச் சொட்டி என் வெள்ளைக் கால்சட்டை நிறம் மாறியது. ஆனால் வண்டி நிற்கவில்லை. கல்லறைத் தோட்ட வாசலில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைப்பதற்காக ரீட்டாவைப் பார்த்தேன்.

“இருங்கண்ணா. அவரு உள்ள போற வரைக்கும் ஓடட்டும்.”

பெட்டி எங்களைக் கடந்து உள்ளே சென்றது. அது கண்ணுக்கு மறைந்த பிறகு ரீட்டா கைப்பிடியருகே இருந்த, இன்ஜினை அணைக்கும் சிறிய நெம்புகோலை விரலால் அழுத்தினார். புல்லட் ஒருமுறை இருமிவிட்டு ஓய்ந்தது.

வீடு திரும்பியதும் கமலா கதவைத் தாழிட்டாள். பிறகு கேட்டாள்.

“உங்களுக்கு இந்தப் பாஷையெல்லாம் வருமா?”

“சிறு வயதில் காதில் விழுந்தது.”

“காதுல விழுந்ததா? வாயில ஊறினதுன்னா இருக்கு! எங்கிட்ட இத்தனை வருஷமா, ‘உன் கருத்தை மறுபரிசீலனை செய்’னு சண்டை போட்டேளே. ஒருநாளாவது இப்படி மனசு விட்டுத் திட்டியிருந்தா, நானும் திட்டியிருப்பேன், சண்டை அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.”

இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் என் மகள் பொத்தானைத் தொடுவதில்லை. “அப்பா, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கூப்பிடுகிறாள். மன்றத்தில் எவர் வண்டி மக்கர் செய்தாலும் எல்லோரும் விலகி நின்று எனக்கு வழிவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் சேர்த்த மதிப்பில் எஞ்சியது இவ்வளவுதான். அன்று நான் திட்டியது வண்டியைத்தான் என்று கேட்பவர்களுக்கெல்லாம் கூறிவருகிறேன். எவரும் நம்புவதில்லை. நானும் அதிகம் வற்புறுத்துவதில்லை.

அந்தோணியின் புல்லட்டை ரீட்டா விற்கவில்லை. சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வரச்சொல்லிக் கிளப்பச் சொல்கிறார். நான் முதலில் தெருவின் இருபுறமும் பார்ப்பேன். டேங்கில் அறைந்து, மெதுவான குரலில் சொல்லிப் பார்ப்பேன். நடக்காது. அதற்குள் அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பிறகு வேறு வழியின்றி, அந்தோணி சொன்னபடியே, அவருடைய உரத்த குரலில், எழுந்திருக்கச் சொல்கிறேன்.

வண்டி எழுந்துவிடுகிறது.