நட்சத்திரத்தின் மேல் ஒரு விசாரணை

ஒரு நட்சத்திரத்தின் மேல் விசாரணைக் குழு அமைத்த பெருமை, உலகிலேயே ஆரணிக்கு மட்டும்தான் உண்டு. அந்தப் பெருமைக்குக் காரணமான பூங்காவனத்துக்குத்தான் அதை ரசிக்க முடியவில்லை.

முள்ளிப்பட்டில் வீட்டுத்தறியில் பட்டு நெய்பவர் அவர். ஆரணிக்காரரான ஹேமநாத், காமா கதிர் வீசும் இரட்டை நட்சத்திரம் ஒன்றை எக்ஸ்ரே செயற்கைக்கோள் வழியாக ஆராய்ந்து பெயர் வாங்கினார். உடனே பட்டு வியாபாரிகள் சங்கம் பாராட்டு விழா அறிவித்தது. இரண்டு மலைகளாக ஏறி இறங்கும் ஹேமநாத்தின் எக்ஸ்ரே வரைபடத்தையே பார்டராக வைத்து ஒரு 'விண்வெளிப் பட்டு'. நெய்யும் பாக்கியம் பூங்காவனத்துக்கு.

சங்கத் தலைவர் தனகோடி சேலையை விரித்தார்.

"ஒரு மலை பெருசு, பக்கத்து மலை சிறுசு. டேமேஜும்மா இது. இனிமே உனக்குப் பாவு கிடையாது."

பாவு நூல் வராத தறி வெறும் மரம்.

"நான் தறி மிதிக்கத்தானுங்க செய்றேன். தறி மேல மாட்டுற டிசைன் அட்டையில என்ன ஓட்டை குத்திக்கீதோ, அந்தப் பூதான் விழும்" என்றார் பூங்காவனம்.

நியாயம் தவறாத சங்கம் அன்றே குழு அமைத்தது. அட்டை குத்திய துரைக்கண்ணு, "படத்துல இருந்ததத்தான் குத்தினேன்" என்றார். படம் வரைந்த ஹேமநாத் வரவழைக்கப்பட்டார். அவர் உற்சாகமாகவே விளக்கினார்.

"பெரிய நட்சத்திரத்தைச் சுத்தி வட்டமா ஒரு வாயுத் தட்டு இருக்குதுங்க. சின்னது சுத்தி வந்துகினு இருக்கும்போது அந்தத் தட்டை ரெண்டு தடவை கிழிச்சிகினு போவுது. கிழிக்கும்போதெல்லாம் எக்ஸ்ரே ஏறும். முதல் இடத்துல தட்டு அடர்த்தி, அதனால பெரிய மலை. ரெண்டாவது இடத்துல லேசு, சின்ன மலை. இந்த வித்தியாசம்தான் கண்டுபிடிப்பே."

"அடுத்த சுத்துலயாவது சமமா வருமா?"

"அதுக்கு மூணரை வருஷம் ஆவுங்க."

"நம்ம சாயப்பட்டறைக்காரனே தேவலாம்" என்றார் தனகோடி.

பூங்காவனம் மெல்லக் கேட்டார்: "அப்போ என் மேல தப்பு இல்லதானுங்களே?"

"துளிகூட இல்லம்மா" என்றார் தலைவர்.

பூங்காவனத்துக்கு மூச்சு வந்தது. தனகோடி எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார்:

"பிழைக்கு முழுப் பொறுப்பு மேற்படி நட்சத்திரமே என இக்குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. ஆயினும் அது நெடுந்தொலைவில் இருப்பதால் நோட்டீஸ் கொடுக்க வழியில்லை. முள்ளிப்பட்டுக்கு பஸ் இருக்கிறது. எனவே பாவு நிறுத்தப்படுகிறது."