சம்பந்திக்கு, ஏழு பேர் உட்காரும் வண்டியைப் பற்றி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சௌக்கியம். வலது முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போக மறுக்கிறது, அதை விட்டுத்தள்ளுங்கள். அவ்விடம் தங்கள் நலம், தங்கள் ரத்த அழுத்தத்தின் நிலவரம், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போய் நம் பிள்ளைகள் வீட்டிலேயே தங்கிவிட்ட சம்பந்தியம்மாவின் முதுகுவலி ஆகிய அனைத்தையும் அறிய ஆவல்.

நேரில் பேசினாலும் நீங்கள் "ம்" என்பீர்கள், ஃபோனில் பேசினாலும் "ம்" என்பீர்கள். கோர்ட்டில் அத்தனை வருடம் அடுத்தவர் பேச்சையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதி எழுதி உங்கள் பங்குப் பேச்சு தீர்ந்துபோய்விட்டது என்று என் மகள் சொல்வாள். அதனால்தான் கடிதம். கடிதத்தில் ஒருவன் மட்டும் பேசிக்கொண்டே போனால் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். நான் ஒரு வண்டி வாங்கிவிட்டேன். பெரிய வண்டி. எஸ்யூவி என்கிறார்கள். மகளுக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடக் கூடாது. உங்களிடம் ரகசியம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்றுதான் என்பது என் நம்பிக்கை. மரியாதையாகத்தான் சொல்கிறேன்.

ஏன் வாங்கினேன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். போன லீவில் உங்கள் வீட்டிலிருந்து எல்லோரையும் என் பழைய குட்டிக் காரில் அடைத்து என் வீட்டுக்குக் கூட்டிவந்தேனே, நினைவிருக்கும். மறந்திருக்க முடியாது, பேத்தி வாந்தி எடுத்தது உங்கள் சட்டையில்தான். இரட்டையர் இருவரும் ஒருவர் முழங்கை மற்றவர் வாயில் இருக்கும்படி வந்தார்கள். மாப்பிள்ளை இறங்கும்போது கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு இறங்கினார், ஊர் போய்ச் சேரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அதை மனதில் வைத்துத்தான் மகள் இந்த வருடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "அப்பா, இந்தத் தடவை நாங்களே வாடகைக்குக் கார் எடுத்துக்கறோம். உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்?" என்றாள். எனக்குச் சிரமம் என்று நான் எப்போது சொன்னேன்? வாடகைக் காரில் வருகிறவர்கள் வாடகைக் கார் மாதிரியே நடந்துகொள்வார்கள். மத்தியானம் வருவார்கள், சாப்பிடுவார்கள், வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்று சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள். என்னிடம் எல்லோரும் கொள்ளும் வண்டி ஒன்று இருந்தால் லீவு முழுவதும் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். சரியான கணக்குதான். விடைதான் வேறு மாதிரி வந்தது.

கடைக்குப் போனேன். டை கட்டிய ஒரு தம்பி ஓடிவந்து கையைக் குலுக்கி, "ஃபேமிலி வரலையா சார்?" என்றான். "வந்துட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லையே, லீவுக்கு வரத்தானே போகிறார்கள். முதலில் டிக்கி வைத்த நீளமான கார் ஒன்றைக் காட்டினான், செடான். பார்க்க மாப்பிள்ளைக் களையோடு இருந்தது. உள்ளே உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே சரி. கிணற்றுக்குள் சோபா போட்டது மாதிரி இருந்தது. எழுந்திருக்கும்போது முழங்கால் முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தத் தம்பி ஒரு கையைப் பிடித்து இழுத்தான், கணக்குப் பார்க்கும் பெண் வந்து இன்னொரு கையைப் பிடித்தாள், காவலாளி வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் வெளியே வந்துவிட்டேன். சம்பந்தியம்மாவின் முதுகுவலிக்கு இது ஆகாது என்று முடிவு செய்தேன்.

அடுத்து வேன். மினிவேன் என்று செல்லமாகச் சொன்னான். எட்டுப் பேர் உட்காரலாம், கதவு தானாக வழுக்கிக்கொண்டு திறக்கிறது, வசதிக்குக் குறைவில்லை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று எங்கள் தெருவரைக்கும் எடுத்துப் போனேன். முனையில் ஒரு பெண்மணி கையைக் காட்டி நிறுத்தி, "ஆஸ்பத்திரி போகுமா?" என்று கேட்டார். போகாதும்மா என்றேன். "அப்ப எதுக்கு நிறுத்தினே?" என்று என்னைத் திட்டினார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாசலுக்கு வந்து, "ஏண்ணே, இந்த வயசுல ஸ்கூல் வேன் ஓட்டணுமா? வீட்ல ஏதாச்சும் கஷ்டமா?" என்று கண்கலங்கினார். நேரே கொண்டுபோய்க் கடையில் விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் இது. சம்பந்தி, இதைப் பற்றி நான் எழுதியாக வேண்டும். இதில் குனிந்து இறங்கவும் வேண்டாம், தொற்றி ஏறவும் வேண்டாம். கதவைத் திறந்தால் சீட் சரியாக நம் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது, நாற்காலியில் உட்காருகிற மாதிரி அப்படியே உட்கார வேண்டியதுதான். கால் நீட்டலாம். நடு வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் தனித்தனியாகக் குளிர்காற்று. பிள்ளைகள் உட்காரும் இடத்தை நாமே உட்கார்ந்து பார்த்துவிடுவோம் என்று நடுச் சீட்டை மடித்துக் கடைசி வரிசைக்குள் நுழைந்தேன். தம்பி நடுச் சீட்டைப் பழையபடி நிமிர்த்திவிட்டான், அதே நேரம் அவனுக்கு ஃபோன் வந்தது, பேசிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். எந்தப் பிடியை இழுத்தால் சீட் மடங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இழுத்த பிடியெல்லாம் சீட்டைச் சாய்த்ததே தவிர வழி விடவில்லை. நான் வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று, "பதறாதீங்க, மூச்ச நல்லா இழுத்து விடுங்க, இதோ திறந்துடுவேன்" என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவன். அதையே இப்போது எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குரல் நம்பும்படியாக இல்லை.

சரி, வரும்போது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் முன்னால் தலை சாய்க்கும் மெத்தைகள் வரிசையாகத் தெரிந்தன. இது மாப்பிள்ளை, இது சம்பந்தியம்மா, இது மகள், ஜன்னலோரம் பேத்தி, பின்னால் என் பக்கத்தில் இரட்டையர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. என் மனைவி போனபிறகு இவ்வளவு பேர் நடுவில் நான் உட்காரவே இல்லை. தம்பி பதறியடித்து ஓடிவந்து கதவைத் திறந்து, "சாரி சார், சாரி சார்" என்றான். "இதையே எடுத்துக்கறேன்" என்றேன். "ஓட்டிப் பாக்கலையே சார்?" என்றான். "உக்காந்து பாத்தாச்சுப்பா" என்றேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் ஏழு பேருக்குத்தான் இடம். பழைய காரைக் கொடுத்துவிட்டு இந்த வண்டி வீட்டுக்கு வந்த நாளன்று விரலை மடக்கிப் பார்த்தேன். மகள், மாப்பிள்ளை, மூன்று பிள்ளைகள், சம்பந்தியம்மா, நான். ஏழு ஆகிவிட்டது. நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். திரும்பத் திரும்ப எண்ணினேன், ஒவ்வொரு தடவையும் நீங்களேதான் வெளியே நின்றீர்கள். பேசாத மனிதராக இருப்பதில் இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. மன்னிக்க வேண்டும். உங்களை எங்கே உட்காரவைப்பது என்ற கவலையிலேயே நான் இருந்தபோதுதான் மகளின் ஃபோன் வந்தது.

வண்டி வந்து அரை மணி ஆகவில்லை, நான் உள்ளே உட்கார்ந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பொத்தான்களைப் படித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, கோச்சுக்காதீங்க. அவருக்கு லீவு ரொம்பக் கொஞ்சமாத்தான் கிடைச்சிருக்கு. பசங்க கடல் பாக்கணும்னு ஒரே அடம். ஓட்டல்ல ரூம் போட்டுட்டோம். அத்தையும் எங்ககூடத்தான் வராங்க. அடுத்த லீவுக்குக் கண்டிப்பா ரெண்டு வீட்டுக்கும் வந்துடறோம்" என்றாள். "நல்லதும்மா. எனக்கும் இங்க தலைக்கு மேல வேலை" என்றேன். அந்த நேரம் பார்த்து, கதவு திறந்திருக்கிறது என்று வண்டி கூவ ஆரம்பித்தது. "என்னப்பா சத்தம்?" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன், "மைக்ரோவேவ்மா." "நீங்க எப்ப மைக்ரோவேவ் வாங்கினீங்க?" "நேத்துதான்." "அப்பாடா, இனிமே சூடா சாப்பிடுவீங்க" என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது நான் ஒரு மைக்ரோவேவும் வாங்கியாக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு ஃபோன் செய்தேன். "கேள்விப்பட்டீங்களா?" என்றேன். "ம்" என்றீர்கள். உங்கள் வீட்டு டிவி பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது. அதையே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்துவிடப் போகிறீர்கள் என்று நினைத்தபோது, "மூணு சின்னத் தலகாணி வாங்கி வச்சேன்" என்றீர்கள். அவ்வளவுதான். வைத்துவிட்டீர்கள். நமக்குச் சம்பந்தம் ஆன நாள் முதல் நீங்கள் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மைக்ரோவேவ் இருந்திருந்தாலும் இறங்கியிருக்காது.

வண்டியை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைக் கேளுங்கள். பக்கத்து சீட்டில் உருளைக்கிழங்குப் பையை வைத்துவிட்டுக் கிளம்பினேன். யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று வண்டி அலற ஆரம்பித்தது. பையை நகர்த்தினேன், அலறல் நிற்கவில்லை. கடைசியில் பையைச் சுற்றி பெல்ட்டை மாட்டினேன், உடனே சமாதானமாகிவிட்டது. சிக்னலில் டிராஃபிக் போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். "யாருக்கு சார் பெல்ட் போட்டிருக்கீங்க?" "வண்டி சத்தம் போடுதுங்க. ஆள் உக்காந்திருக்குன்னு நினைச்சுக்குது." அவர் பின்வரிசைகளையும் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பத்திரமா போங்க சார்" என்று அபராதம் போட வேண்டியவர் கனிவாகச் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தையல்காரம்மாவைக் கடைவீதிக்குக் கூட்டிப்போனேன். அவர் மரியாதைக்காகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் இந்தக் கோடியில், அவர் அந்தக் கோடியில். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இறங்கும்போது சொன்னார், "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இவ்ளோ பெரிய வண்டில ஒத்த ஆளா போறீங்களா, எல்லாரையும் எங்கயோ இறக்கி விட்டுட்டு ஏத்திக்க மறந்துட்டு வந்த மாதிரி இருக்கு." நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வசதியான சீட், குறை சொல்வதற்கில்லை.

ஆகவே நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். டை கட்டிய தம்பிக்கு ஃபோன் போட்டு, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "ஏதாவது குறையா சார்?" என்றான். "குறை வண்டியில இல்லப்பா" என்றேன். அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். தனி ஆளுக்குப் பேருந்தே தாராளம், அதிலாவது பக்கத்தில் யாராவது உட்காருவார்கள். இதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், எனக்குப் பதில் போடவும் வேண்டாம். நான் நன்றாகவே இருக்கிறேன். உங்களைத் தொந்தரவு செய்யும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். இப்படி ஒரு கடிதம் வந்ததையே சொல்லாமல் ஆசிகளை மட்டும் எப்படிச் சேர்ப்பிப்பது என்பதைத் தங்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுகிறேன். தாங்கள் நீண்ட ஆயுளோடும் நிதான ரத்த அழுத்தத்தோடும் வாழ வேண்டும்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
சம்பந்தி

பி.கு.: இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். தபால் பெட்டியைத் தாண்டி வந்துவிட்டேன், திரும்பிப் போகலாம் போகலாம் என்றே ஓட்டிக்கொண்டிருந்ததில் உங்கள் ஊரே வந்துவிட்டது. இப்போது உங்கள் வாசலில்தான் நிற்கிறேன், இதைக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். மணியை அழுத்தக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் யாரும் இல்லாமல் நான் மட்டும் உங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. வந்ததற்கு ஒரு காரணம் சொல்லலாம் என்று வெகு நேரமாக யோசிக்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை. போய்விடலாம் என்றால், உங்கள் தெருவில் இந்த வண்டியைத் திருப்ப இடம் இல்லை, பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றுகொண்டு ஹாரன் அடிக்கிறது. உள்ளே வரலாமா?