முதல் கேசட்டோடு சரி

நான் இப்போது உங்களுக்குக் காட்டப்போகும் ஜீவனுக்குக் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. ஒரு கறுப்பு டீ-ஷர்ட் மட்டும் உண்டு. அதில் ஏதோவொரு ராக் இசைக்குழுவின் பெயர் இருக்கும். வாங்கிய நாளில் கச்சிதமாக இருந்த எழுத்துகள் இப்போது தொப்பையின் தயவில் இரண்டு மடங்கு அகன்றிருக்கும். துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறமான பிறகும் அதைக் கறுப்பு என்றே அவர் சத்தியம் செய்வார். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். உங்கள் மாடி வீட்டில் ஒருவர் இருக்கிறார். விருந்து நடக்கும் இடத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பவரும் அவரேதான். இந்த இனத்துக்கு முதல் கேசட் ரசிகர் என்று பெயர்.

இவர்களுக்கு வேதவாக்கு ஒன்றே ஒன்று. "முதல் கேசட்டோட சரி. அப்புறம் விலை போயிட்டாங்க." எந்தக் குழுவைச் சொன்னாலும் இதே தீர்ப்புதான். இரண்டாவது கேசட் நன்றாக விற்றதே என்பீர்கள். விற்றதுதானே ஐயா குற்றம்! முதல் கேசட்டைப் பத்துப் பேர் வாங்கினார்கள், ஆகவே அது கலை. இரண்டாவதை ஊரே வாங்கியது, ஆகவே அது வியாபாரம். கலைஞன் என்றால் பட்டினி கிடக்கவேண்டும். ஆனால் தாளம் மட்டும் தப்பக்கூடாது.

எங்கள் அலுவலகத்து உருப்படியை 'ஒரிஜினல்' என்று கூப்பிடுவோம். காப்பீட்டு நிறுவனத்தில் புதிதாகச் சேரும் முகவர்களுக்கு வகுப்பெடுப்பது அவருடைய வேலை. சேர்ந்த நாளிலிருந்து அதே பாடம், அதே நகைச்சுவை, அதற்குப் பிறகு சிரிப்புக்கு இடம்விட்டு அதே இருமல். வருடம் தவறாமல் சம்பள உயர்வும் வந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் விலை போவது என்று யாரும் சொல்வதில்லை. இதற்குப் பெயர் அனுபவம்.

ஒரிஜினலின் உயிர் ஒரே ஒரு குழுவில்தான் இருந்தது. காரணம், அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் அவருடைய சொந்த அக்காவின் கணவர். "தட்டிப் பிழைக்கிறவனுக்கா என் பொண்ணு?" என்று அப்பா குதித்தபோது, முதல் கேசட்டைப் போட்டுக் காட்டி அவரைச் சம்மதிக்க வைத்தவரே இவர்தான். அந்தக் கேசட்டில் அவருக்கு இருக்கும் பாத்தியதை அப்படி.

அந்த இசைக்காரர்களுக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது. ஒருவருக்கு முட்டி, ஒருவருக்குக் காது, பாடகருக்கு மூச்சு. ஆனாலும் ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார்கள். குழுவின் சின்னத்தைக் கோப்பையிலும் குடையிலும் காலுறையிலும் அச்சடித்து விற்கிறார்கள். 'விடைபெறுகிறோம்' என்று ஊரெல்லாம் கச்சேரி நடத்தி முடித்த கையோடு, 'உண்மையிலேயே விடைபெறுகிறோம்' என்று மறுபடி கிளம்பினார்கள். இது போதாதென்று, பழைய பாட்டு ஒன்றை மெத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விளம்பரம் வந்த மறுநாள், தேநீர் நேரத்தில் ஒரிஜினல் இழவு வீட்டு முகத்தோடு வந்து நின்றார்.

"அரசாங்கத்தையே நடுங்க வச்ச பாட்டுய்யா அது! அதைப் போட்டு மனுஷனைத் தூங்கச் சொல்றானுங்க!"

"மெத்தை எப்படி சார், நல்லா இருக்குமா?" என்று கேட்டார் காசாளர்.

"நல்லாத்தான் இருக்கு. நேத்தே வாங்கிட்டேன். அது வேற விஷயம்."

கோப்பை, குடை, காலுறை எல்லாமும் அவரிடம் உண்டு. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள். "ஆதாரத்துக்கு வச்சிருக்கேன்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்டே தீருவது என்று புறப்பட்டவர், சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். டிரம்ஸ்காரர் முட்டியில் துணி சுற்றிக்கொண்டு, சோபா மெத்தையைக் குச்சியால் தட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.

"என்னத்தான், அடுத்தது கொசுவர்த்தி விளம்பரமா?"

பதில் சமையலறையிலிருந்து வந்தது. "ஏன்டா, வருஷா வருஷம் இன்க்ரிமென்ட் வாங்கறியே, அன்னிக்கு உன் கொள்கை லீவுல போயிடுமா? இவரு வலியோட உட்கார்ந்து தட்டி நாலு காசு பார்த்தா மட்டும் உனக்கு ஏன்டா வயிறு எரியுது?"

"காசு இல்லக்கா பிரச்சினை. அதே பழைய பாட்டையே வித்துக்கிட்டு இருந்தா எப்படி? புதுசா ஒண்ணாவது உண்டா, கேளு."

டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்தார். "இருக்கு மச்சான்."

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் போட்ட பாட்டுக்குத் தட்டியவர், இந்த வயதில் முதன்முதலாக ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். குழுவினர் கேட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். கச்சேரி ஏற்பாட்டாளர்தான் இழுத்தடித்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கச்சேரியில் அதை வாசிக்கலாம். கூட்டம் உட்கார்ந்து கேட்டால், முழுக்கப் புதுப் பாட்டுகளாகவே ஓர் ஆல்பம் போட அவர் பொறுப்பு. கூட்டம் எழுந்து போனால், இனி கடைசிவரைக்கும் பழைய பாட்டு மட்டும்தான்.

"வர்ற சனிக்கிழமை, நம்ம ஊர்க் கச்சேரியிலதான் வாசிக்கப் போறோம். எனக்கு உதறலா இருக்கு மச்சான். நீ வந்து முன்னாடி உட்காரு. உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தைரியம் வந்துடும்."

ஒரிஜினல் அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அத்தான், இதைத்தானே இத்தனை வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தறேன்! வர்றேன். கண்டிப்பா வர்றேன்."

வரவும் செய்தார். மூன்றாவது வரிசையில் நான், அக்கா, ஓரமாகக் கறுப்பு டீ-ஷர்ட். அரங்கம் நிறைந்திருந்தது. பழைய பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரிஜினல் எழுந்து நின்று குதித்தார், பாடகர் மறந்த வரியைக்கூட இவர் எடுத்துக் கொடுத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே என் காதில், "மெஷின் மாதிரி வாசிக்கிறாங்க. விலை போயிட்டாங்க" என்று முணுமுணுத்தார். பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் இவரைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள். இவ்வளவு பழைய டீ-ஷர்ட் போட்டவருக்குத் தெரியாததா!

அப்போது டிரம்ஸ்காரர் மைக்கைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"அடுத்தது ஒரு புதுப் பாட்டு. நான் எழுதினது. கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்க."

மூன்றாவது வரிசையில் ஓர் ஆள் எழுந்தார். யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"டேய், எங்கேடா போற? உட்கார்டா!" அக்கா டீ-ஷர்ட்டைப் பிடித்து இழுத்தார்.

"இரு அக்கா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். இதை விட்டா அப்புறம் வரிசை நீளமாயிடும். அடுத்தது அந்த மெத்தைப் பாட்டு வேற வருது, அதை விட முடியாது."

அவர் போவதைப் பார்த்துப் பின்வரிசை எழுந்தது. பின்வரிசையைப் பார்த்து அதற்குப் பின்வரிசை. கழிப்பறைக்குக் கொஞ்சம் பேர், தேநீருக்குக் கொஞ்சம் பேர், மற்றவர்கள் எழுந்துவிட்டதால் எழுந்தவர்கள் மீதிப் பேர். மேடையோரத்தில் நின்ற ஏற்பாட்டாளர் காலி நாற்காலிகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

பாட்டு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? முட்டி மடங்காத ஒரு மனிதர் மாடிப்படியோடு பேரம் பேசுகிற பாட்டு. இன்றைக்கு ஒரு படியைக் குறைத்துக்கொள்ளேன் என்று கெஞ்சுகிறார். சிரித்துக்கொண்டுதான் கேட்க ஆரம்பித்தேன். கடைசிச் சரணத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுபோயிருந்தது. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதார். டிரம்ஸ்காரர் எங்களைப் பார்க்கவில்லை. பாட்டு முடிகிறவரை எங்களுக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போனோம். ஏற்பாட்டாளர் டிரம்ஸ்காரரின் தோளில் கைபோட்டுக்கொண்டிருந்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க சார். ஜனங்க பழசுக்குத்தானே வர்றாங்க? அடுத்த ஊர்லேர்ந்து அதையே வாசிச்சுடுவோம். என்ன?"

டிரம்ஸ்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, சரி என்றார். அவர் துண்டை இறக்குவதற்குள் ஒரிஜினல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாக வந்து சேர்ந்தார்.

"பிரமாதம் அத்தான்! ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது. இந்தப் பழசையே வச்சு இன்னும் எத்தனை நாள்தான் ஓட்டுவீங்க? புதுசா ஒண்ணு போடுங்க அத்தான்! எங்களை மாதிரி ஆளுங்க காத்துக்கிட்டு இருக்கோமில்ல?"

அக்கா வாயைத் திறந்தார். டிரம்ஸ்காரர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆகட்டும் மச்சான்" என்றார். குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். சந்தோஷம். வீட்டிலோ வெளியிலோ, உங்களுக்குப் பிரியமான ஒருவர் புதிதாக ஏதோ செய்து நீட்டியபோது கடைசியாக எப்போது எழுந்து போகாமல் இருந்தீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அதோடு, இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'இந்த ஆள் முன்னே மாதிரி எழுதுவதில்லையே' என்று உங்கள் மனதில் ஓடியிருந்தால், தயங்காமல் எழுந்துகொள்ளுங்கள். கழிப்பறை இடதுபக்கம் இருக்கிறது. சீக்கிரம் போனால்தான் வரிசையில் முதலிடம் கிடைக்கும்.