மூன்று பிரதிகளில் ஒரு கவிதை

ஒரு குடும்பத்தின் மானத்தை மூன்று பிரதிகளில் காப்பாற்றியவன், எனக்குத் தெரிந்து, காவிரிப் படுகையிலேயே நான் ஒருவன்தான். வரலாறு இதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும் என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

பாபநாசத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குப் பதினேழு ஆண்டுகளாக நான்தான் தலைவர். என் பிள்ளைகள் யாரும் இப்போது அங்கே படிக்கவில்லை. மகன் ராம்கிக்கே நாற்பத்திரண்டு வயது. ஆனால் தலைமை என்பது பிள்ளை பாஸானதும் முடிந்துவிடும் காரியமல்ல.

சம்பாவுக்கு நாற்று விடும் சமயத்தில் தலைமையாசிரியை மலர்க்கொடி ஒரு கோப்போடு வந்தார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் 'ஸ்லாம் கவிதை'ப் பட்டறை. ஹிப் ஹாப் தாளத்தில் தன் சொந்தக் கதையை எழுதி, மேடையில் நின்று தானே சொல்ல வேண்டுமாம். பிடித்திருந்தால் கூட்டம் கை தட்டாது, விரலைச் சொடுக்கும். பயிற்சியாளர் கூத்தாநல்லூர் ஃபாஜில். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தாலும் மரியாதை தெரிந்த பிள்ளை.

"காப்புச் செய்யுள் உண்டா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லீங்க ஐயா. மைக் டெஸ்டிங் உண்டு."

"தலைவர் பெயர் எந்த வரியில் வரும்?"

"வராதுங்க ஐயா."

அந்தக் குறையைப் பெருந்தன்மையோடு மன்னித்து அனுமதி கொடுத்தேன். இளைய தலைமுறைக்குக் குரல் கொடுப்பதில் எங்கள் குடும்பம் என்றுமே பின்வாங்கியதில்லை. என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதிலும் பின்வாங்கியதில்லை.

இரண்டாம் நாள் வகுப்பைப் பார்வையிட்டேன். கண்ணில் படும் எழுத்து எதுவும் கவிதையாகலாம் என்று ஃபாஜில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பையன் பேருந்துப் பயணச்சீட்டைத் தாளத்தோடு படித்தான். இன்னொருத்தி மின்வாரிய அறிவிப்பைப் படித்தாள். 'மறு உத்தரவு வரும் வரை' என்ற இடத்தில் நானே விரலைச் சொடுக்கிவிட்டேன். அலுவலக மொழியில் இத்தனை அழகு இருப்பது எனக்கு எப்போதோ தெரியும்.

இங்கே வாசகருக்கு ஒரு பாசனச் செய்தி சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாய்க்கால் முதலில் எங்கள் வயலுக்கு வரும். அதைத் தாண்டியதும் ஒரு மதகு. மதகுக்குக் கீழே கடைமடை. கடைமடையில் செழியனுக்கு எட்டு மா, அதாவது இரண்டரை ஏக்கர் சொச்சம் நிலம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் எங்கள் வயலில் வேலை செய்தவர்கள். இன்று அவர் சொந்த நிலத்தில் விவசாயம் செய்கிறார். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

அந்த மதகில் ஒன்பது நாளாகப் பலகை விழுந்து தண்ணீரை மறித்துக் கிடந்தது. எங்கள் வயல் நிறைந்தது. செழியனின் நாற்றங்கால் மஞ்சள் பூத்தது. இன்னும் நான்கு நாள் தண்ணீர் வராவிட்டால் நாற்று கருகிவிடும். கருகினால் இந்த வருஷம் அவருக்குச் சம்பா இல்லை. பாசன உதவிப் பொறியாளர் பஞ்சநதம் வந்து விசாரித்தார். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பண்பான ஊர். பலகை காற்றில் தானாக விழுந்தது, எங்கள் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, விசாரணை முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று நான் எழுத்துமூலம் வாக்குமூலம் கொடுத்தேன்.

செழியனின் மகள் எழில்மொழி அந்தப் பட்டறையில் இருந்தாள். அவள் எழுதியது இது:

'மேட்டூர்ல கிளம்பின தண்ணி
கல்லணை தாண்டின தண்ணி
குடமுருட்டியில குதிச்ச தண்ணி
எங்க வயலுக்குக் கூப்பிடு தூரத்துல
ஒரு பலகையப் பாத்து நின்னுபோச்சு.
பலகைக்குக் கால் கிடையாது.
ஒரு கை தூக்கி வச்சுது.'

நான் உடனே 'கவிதைத் தணிக்கைக் குழு' அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினர் தேவைப்படவில்லை. ஒப்புதல் இல்லாத ஒரு சொல்லும் மேடை ஏறக்கூடாது, என் கையொப்பமும் முத்திரையும் உள்ளதை மட்டுமே படிக்கலாம் என்று விதி செய்தேன். பிறகு எழில்மொழியின் கவிதைக்கு ஓர் உத்தரவு எழுதினேன். ஒரு பிரதி பள்ளிக்கு, ஒரு பிரதி மாணவிக்கு, ஒரு பிரதி என் கோப்புக்கு. காரணம் காட்டாமல் எதையும் நீக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அவள் தன் பிரதியை வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களேய்யா, இத மேடையில படிக்கலாமா?"

"தாராளமாக. ஓர் எழுத்து விடக்கூடாது."

"விடமாட்டேங்க ஐயா."

இவ்வளவு அடக்கமான பெண்ணா என்று எனக்கே கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டது.

நிறைவு விழா. கடைமடைக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. விழாவுக்குக் கனம் சேர்க்கப் பொறியாளர் பஞ்சநதத்தையே சிறப்பு விருந்தினராக அழைத்து, என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன்.

எழில்மொழி மைக்கைப் பிடித்தாள். ஃபாஜில் மேசையில் தாளம் போட்டார். அவள் கவிதையைப் படிக்கவில்லை. உத்தரவைப் படித்தாள்.

"பொருள்: கவிதை. வரி ஐந்து வரை ஆட்சேபணை இல்லை.

வரி ஆறு. பலகைக்குக் கால் கிடையாது. நீக்கப்படுகிறது. நீக்கப்படுகிறது. காரணம்: பலகை காற்றில் விழுந்தது என்று நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததற்கு முரணானது.

வரி ஏழு. ஒரு கை தூக்கி வச்சுது. நீக்கப்படுகிறது. காரணம்: என் மகன் ராம்கியைக் குறிக்கிறது.

ஒப்பம், தலைவர். முத்திரை. முத்திரை. முத்திரை."

எங்கேயோ பின் வரிசையில் ஒருவர் விரலைச் சொடுக்கினார். செழியனாக இருக்கும். அப்புறம் கூரைத் தகரத்தில் மழை விழுவதுபோலக் கேட்டது. ராம்கி கைப்பேசியைப் பார்த்தபடி எழுந்து வெளியே போனான்.

நான் மலர்க்கொடியை அழைத்து, விதி மீறப்பட்டதா என்று கேட்டேன். அவர் பிரதியைச் சரிபார்த்துவிட்டு, ஓர் எழுத்தும் விடவில்லை என்றார். அவர் விரலும் லேசாக அசைந்தது.

பஞ்சநதம் என் பக்கம் சாய்ந்தார்.

"ஐயா, காத்துக்கு ராம்கின்னு எப்ப பேரு வச்சீங்க?"

என் கையிலிருந்த மூன்றாம் பிரதியை அவர் மெல்ல வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விழா முடியுமுன் மதகுப் பலகையைத் தூக்க ஆள் போய்விட்டது. செழியனின் நாற்று இப்போது பச்சை பிடித்திருப்பதாகக் கேள்வி. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

பட்டறையின் சிறந்த கவிதை என்று ஃபாஜில் அதற்குத்தான் பரிசு அறிவித்தார். எழில்மொழி கோப்பையை வாங்கி நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள், எழுதியவர் நான்தானாம். அவள் சொன்னது சரி. அந்த மதகைப் பற்றி என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே உண்மை, ஒரு பெண்பிள்ளையின் உண்மையை அடிப்பதற்காக எழுதியதுதான்.